முத்தையன்கட்டில் கோல்ஃப் மைதானம் வந்தால் என்ன?

கரைச்சி_வாசி:
விடுமுறைக்குப் போனபோது கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் விக்டோரியா கோல்ஃப் மைதானத்தில் விளையாடினேன். ஒரு பக்கம் நீர்த்தேக்கம், எதிரே நக்கிள்ஸ் மலை, பந்தடிக்கும் பாதையின் இரு கரையிலும் மரம். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்த இடம். என் ஆட்டம் சுமார்தான், ஆனால் எழுந்து வர மனமில்லை. வன்னியில் நம் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் இப்படி ஒரு விடுதியும் 18 குழி மைதானமும் வந்தால் என்ன? குளம் இருக்கு, பாலை மரமும் முதிரை மரமும் நிற்கிற காடு இருக்கு. பெடியளுக்கு வேலையும் கிடைக்கும்.

வாய்க்கால்_கரை:
அண்ணை, குளம் இருக்கு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தத் தண்ணீரை அளந்து பார்த்துத்தான் சிறுபோக நெல் வயலுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று கூட்டம் வைத்துப் பங்கு பிரிக்கிறோம். 18 குழி என்றால் சாதாரணமாக 120, 150 ஏக்கர் வேணும். ஆடி வெயிலில் அதைப் பச்சையாக வைத்திருக்க எந்த மதகைத் திறப்பீர்கள்? இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்கவே கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். புல்லுக்குக் கேட்டால் என்ன நடக்கும்?

கரைச்சி_வாசி:
அம்பாந்தோட்டையும் வறண்ட வலயம்தான் தம்பி. அங்கே ஷங்ரிலா விடுதியில் 18 குழி ஓடுகிறதே. வெப்பமான இடங்களில் போடுகிற பெர்முடாப் புல், நம் வயல் வரம்பில் கிடக்கிற அறுகு இனம்தான். வெயிலைத் தாங்கும். விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்து விட்டால் குளத்தில் கை வைக்கத் தேவையில்லை.

முன்னாள்_கெடி:
அந்தக் கழிவுநீர் 120 ஏக்கருக்குக் காணாது. அறுகு வெயிலைத் தாங்கும், சரி. நிழலைத் தாங்காது. மரம் ஒட்டி நின்றால் குழியைச் சுற்றி உள்ள புல் முதலில் மெலியும், அப்புறம் மொட்டையாகும். மர வேரும் தண்ணீரை இழுக்கும். காட்டழகைக் காட்டி ஆள் சேர்த்தவர்களே பிறகு கிளை வெட்ட வேண்டிவரும். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகத்தில் மரம் நெருங்கி நிற்கிறது என்பார்கள்; அது குளிர்நாட்டுக் கதை, இங்கே பொருந்தாது. பந்து காட்டுக்குள் போனால் தேட 3 நிமிடம்தான், 2019க்கு முன் 5. கிடைக்காவிட்டால் தண்டமாக அடித்த கணக்கில் ஒன்று கூடும், அடித்த இடத்துக்கே திரும்பி நடக்கவேண்டும். புதிதாகப் பழகுகிறவன் இரண்டு குழியிலேயே வெறுத்துவிடுவான்.

ஒட்டுசுட்டான்_பிள்ளை:
தேடப் போகிறவனை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு. கோல்ஃபில் சிவப்புக் கட்டை நட்டிருந்தால் அது தண்டப் பகுதி, இறங்கி அடிக்கலாம். வன்னியில் காட்டோரம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை பார்த்தால் நீங்கள் இறங்குவீர்களா அண்ணை? கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. அதற்கு மேல் யானை. மின்வேலி போட்ட தோட்டத்துக்குள்ளேயே வருகுது, நனைந்த புல்வெளியை விடுமா?

கரைச்சி_வாசி:
எல்லாவற்றுக்கும் ஒரு தடை சொன்னால் ஊர் எப்போது முன்னேறும்? சரி, காட்டைத் தொடவேண்டாம். வெடி அகற்றி முடித்த பற்றைக்காணியில் 9 குழி, 60 ஏக்கர் போதும். தண்ணீர் மழைக்காலத்தில் தேக்குவோம்.

வாய்க்கால்_கரை:
மழைக்காலத்தில் தேக்குவதற்குத்தானே குளம் கட்டி வைத்திருக்கு! அது போகட்டும். இடம்பெயர்ந்து வந்த சனம் இன்னும் காணி உறுதி கேட்டு அலையுது. அந்த 60 ஏக்கர் யாருடைய பெயரில் இருக்கு, முதலில் அதைச் சொல்லுங்கள்.