ஓய்வுபெற்ற இறைவரி எழுதுவினைஞரின் ஓய்வூதியம்: உரிமையா, சலுகையா?

இரணைமடுக்காரன்:
உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளராக, அதாவது எழுதுவினைஞராக, இருந்து 2017 இல் ஓய்வுபெற்று, இப்போது கிளிநொச்சியில் வசிக்கிறேன். 3/2016 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை அரச உத்தியோகத்தரின் அடிப்படைச் சம்பளத்தை 2016 இலிருந்து 2020 ஜனவரி வரை படிப்படியாக உயர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வுபெற்ற எங்களுக்கோ, வெளியேறிய அன்று எந்தப் படியில் நின்றோமோ அந்தப் படியிலேயே ஓய்வூதியம் கணிக்கப்பட்டது. அதே தரத்தில், அதே சேவைக்காலத்துடன் 2020 இல் ஓய்வுபெற்றவர் எங்களைவிடக் கூடுதலாகப் பெறுகிறார். 2025 வரவு செலவுத் திட்டம் இந்த முரண்பாட்டைத் திருத்த ஒப்புக்கொண்டது. ஆனால் 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில், மூன்று கட்டங்களாக. இது நீதியா?

மாங்குளத்தான்:
ஐயா, முரண்பாடு உண்மைதான். ஆனால் அரச ஓய்வூதிய விதிகளின் தொகுப்பான ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதற்பிரிவே, அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தின் மீது முழுமையான உரிமை இல்லை என்கிறது. தனியார் நிறுவனத்தில் வேலைசெய்யும் நான் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் செலுத்துகிறேன். முதலாளி 12 வீதம் செலுத்துகிறார். ஓய்வுபெறும் நாளில் அந்தத் தொகையை வாங்கினால் அத்தோடு கணக்கு முடிந்தது. உங்கள் ஓய்வூதியமோ ஆயுள்வரை திறைசேரியிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிய பெறுமதி சேர் வரியை, நெல் விதைக்கும் எங்கள் ஊர்க் கமக்காரரும் கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் கட்டுகிறார். அவருக்கு என்ன கிடைக்கிறது? போதாததற்கு உங்களுக்குப் பணிக்கொடையும் உண்டு.

இரணைமடுக்காரன்:
தம்பி, பணிக்கொடை இனாம் அல்ல. 24 மாத ஓய்வூதியத்தை முன்கூட்டியே தந்துவிட்டு, அதைப் பத்து ஆண்டுகளாக மாதாமாதம் கழிக்கிறார்கள். முதலாளி செலுத்தும் அந்த 12 வீதமும் எங்களுக்குக் கிடையாது. அதற்கு ஈடாகத்தான் ஓய்வூதியம் இருக்கிறது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்களிப்பும் எங்கள் சம்பளத்தில் கழிந்தது. நீங்கள் காட்டிய பிரிவு, ஒழுக்கம் தவறியவருக்கு எதிராக அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு என்பது என் கருத்து. ஒழுங்காகச் சேவை முடித்தவருக்கு அதைக் காட்டிக் குறைவாகக் கொடுப்பது பொருந்தாது. யுத்த காலத்தில் வன்னியில் கோப்புகளைச் சுமந்துகொண்டு இடம்பெயர்ந்த எழுதுவினைஞர்களை நினைத்துப்பாருங்கள்.

வவுனியா வாசகி:
இருவரும் அடிப்படைச் சம்பளத்திலேயே நிற்கிறீர்கள். கொடுப்பனவையும் பாருங்கள். 2024 இல் சேவையிலிருப்போரின் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு மாதம் 10,000 ரூபா கூடியபோது, ஓய்வூதியருக்குக் கூடியது 2,500 ரூபா மட்டுமே. மருந்துக் கடையில் ஓய்வூதியருக்கு நாலில் ஒரு பங்கு விலையா வைத்திருக்கிறார்கள்?

மாங்குளத்தான்:
அந்த ஒப்பீடு நியாயமானது. கொடுப்பனவு உயரவேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஓய்வூதியம் வருமான வரியிலிருந்து விலக்குப் பெற்றது என்பதை வரி அலுவலகத்தில் இருந்த ஐயா மறந்திருக்கமாட்டார். கமக்காரருக்கான ஓய்வூதியத் திட்டம் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதில் கிடைக்கும் தொகை ஒரு வாரச் சந்தைச் செலவுக்கும் காணாது. பணம் ஒதுக்கும்போது அந்தக் கமக்காரரை முதலில் பாருங்கள் என்பதே என் வாதம்.

இரணைமடுக்காரன்:
கமக்காரரின் தொகையை உயர்த்துங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். அதற்காக 2027 வரை எங்களைக் காக்கவைக்கத் தேவையில்லை. அறுபதில் ஓய்வுபெற்று இப்போது எழுபதை நெருங்குபவர்களில் எத்தனைபேர் மூன்றாம் கட்டத்தைக் காண்பார்கள் என்று திறைசேரி கணக்கிட்டிருக்குமா?