நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

டோல்கேட்_ஜெராக்ஸ்:
வணக்கம். தண்டையார்பேட்டையில் சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். குலதெய்வம் கோயிலுக்கு ஊருக்குப் போய்விட்டு இன்று காலைதான் கடையைத் திறந்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று ஒரே வரி. விண்டோஸ் 7. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். பழைய 500 ஜிபியில் விண்டோஸ், பிற்பாடு வாங்கிய 1 டிபி வெறும் ஃபைல்களுக்கு. பக்கத்தில் ரிப்பேர் பார்ப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் அவுட்டு, புதுசு போட்டுடலாம்" என்கிறார். பத்திரிகை டிசைன் எல்லாம் பழைய டிஸ்கின் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. நாளைக்கு 300 பத்திரிகை கொடுக்க வேண்டும்.

வியாசை_பையன்:
விண்டோஸ் சிடி போட்டு ஃபார்மேட் அடிங்க அண்ணே, அரை மணி நேர வேலை.

லோகோ_பெரம்பூர்:
தம்பி, அவர் ஃபைல் வேண்டும் என்கிறார், நீ ஃபார்மேட் என்கிறாய்!
கடைக்காரரே, ஒன்றையும் அழிக்காதீர்கள். ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் செட்டிங் திரை, திறக்கும். இரண்டு டிஸ்கின் பெயரும் அங்கே தெரிகிறதா? டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறதா?

காசிமேடு_கரை:
நம்ம பக்கம் உப்புக் காற்று சார். எனக்கு ஒருமுறை டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டியதிலேயே சரியாகிவிட்டது. பவரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

டோல்கேட்_ஜெராக்ஸ்:
கேபிளைக் கழற்றி மாட்டினேன், அதே வரிதான். பயாஸில் இரண்டு பெயரும் தெரிகின்றன. சத்தம் இல்லை. ஆனால் தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டுகிறது, இது ஏன்?

லோகோ_பெரம்பூர்:
அப்படிச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்தீர்களா?

டோல்கேட்_ஜெராக்ஸ்:
ஆமாம் சார். மற்ற நாளில் அணைப்பதில்லை.

லோகோ_பெரம்பூர்:
போனது டிஸ்க் இல்லை, மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி. தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் மறக்காமல் வைத்திருப்பது அதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை அணைத்தாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதில் பேட்டரி செத்தது வெளியே தெரியாது. மெயினை அணைத்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விட்டது. எந்த டிஸ்கிலிருந்து கிளம்புவது என்பதும் அதில் போயிற்று. இப்போது விண்டோஸ் இல்லாத 1 டிபியில் போய்த் தேடுகிறது.

சிஆர் 2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த எண். இதற்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். பிறகு பயாஸில் பூட் பகுதிக்குப் போய், ஹார்ட் டிஸ்க் பிரையாரிட்டியில் 500 ஜிபியை முதலில் வையுங்கள். பலர் மேலே உள்ள பூட் ஆர்டரை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுவார்கள். டிஸ்குகளின் வரிசை தனி மெனுவில் ஒளிந்திருக்கும். எஃப்10 அழுத்தி சேமியுங்கள்.

டோல்கேட்_ஜெராக்ஸ்:
பேட்டரி போட்டேன், வரிசையையும் மாற்றினேன். விண்டோஸ் லோகோ வந்தது! சந்தோஷப்படுவதற்குள் நீலத் திரை. கடைசியில் 7பி என்று இருந்தது.

லோகோ_பெரம்பூர்:
பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பயாஸில் சாட்டா மோடு, அதாவது மதர்போர்டு டிஸ்கோடு பேசும் முறை, என்ன இருக்கிறது? ஐடிஇ என்றால் ஏஹெச்சிஐ ஆக்குங்கள், ஏஹெச்சிஐ என்றால் ஐடிஇ. விண்டோஸ் போட்டபோது இருந்த மோடு மாறினால் இந்த 7பி வரும்.

டோல்கேட்_ஜெராக்ஸ்:
ஐடிஇயில் இருந்தது சார். மாற்றினேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது, பத்திரிகை அப்படியே இருக்கிறது!! தேதியையும் சரிசெய்துவிட்டேன்.

வியாசை_பையன்:
லோகோ சார், நான் ஒன்னும் சொல்லல. 🙏

லோகோ_பெரம்பூர்:
பிரிண்ட் அப்புறம் எடுக்கலாம். முதலில் டெஸ்க்டாப்பை வேறு ஒரு டிஸ்கில் காப்பி போடுங்கள். இந்த முறை பேட்டரியோடு போயிற்று.

டோல்கேட்_ஜெராக்ஸ்:
போட்டுவிட்டேன் சார், இன்னும் 38 நிமிடம் காட்டுகிறது. ரிப்பேர்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.