ஹாம்ப்டன் ரம்மை டைக்கிரி காக்டெயிலில் ஊற்றலாமா?

கரும்புத்தோட்டம்:
சனிக்கிழமை ரம் ஃபயர் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். ஜமைக்காவின் ட்ரிலானி பகுதியில் உள்ள ஹாம்ப்டன் எஸ்டேட் சரக்கு. பீப்பாயில் வைக்காத வெள்ளை ரம், 63 சதவீதம். மூடியைத் திருகியதும் சமையலறை முழுக்க அன்னாசி. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கறுத்துப்போன வாழைப்பழம், அதற்கடியில் உப்புநீரில் ஊறிய ஆலிவ், கொஞ்சம் பெயிண்ட் கடை வாசம். அக்கா எட்டிப் பார்த்து, "யாருடா நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொட்டினது?" என்றாள்.

60 மி.லி. ரம், 25 எலுமிச்சைச் சாறு, 20 சர்க்கரைப் பாகு, ஐஸ் போட்டுக் குலுக்கினேன். உயிருள்ள டைக்கிரி என்றால் இதுதான். வெள்ளை கியூபா ரம்மில் செய்வதெல்லாம் இனி எனக்கு வெறும் எலுமிச்சை ஜூஸ்.

பழைய சீசா:
தம்பி, குடித்தது பிடித்திருந்தால் சந்தோஷம். ஆனால் அது டைக்கிரி இல்லை. டைக்கிரி என்பது கியூபாவில் சாந்தியாகோ பக்கத்து ஊர். 1898 வாக்கில் அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில்தான் கதை ஓடுகிறது. அவர்கள் கையில் இருந்தது, கரியில் வடிகட்டி வாசனையைத் தணித்த இலகுவான ரம். எலுமிச்சை முன்னால் நிற்கும், ரம் பின்னாலேயே வரும். அதுதான் அந்த பானத்தின் அழகு.

இன்னொன்று, கணக்கு. சாதாரண 40 சதவீத ரம் 60 மி.லி. என்றால் உள்ளே போவது 24 மி.லி. ஆல்கஹால். உங்கள் கிளாஸில் கிட்டத்தட்ட 38. உயிருள்ளது டைக்கிரியா, உங்கள் தலையா என்று யோசியுங்கள். பெருங்காயத்தைப் போட்டு சாம்பார் வைக்கலாம். பெருங்காயத்தையே சாம்பாராக வைத்தால்?

கரும்புத்தோட்டம்:
பெயர் வேண்டுமானால் கியூபாவுடையது. ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றும் சேர்ந்தது காக்ஸ் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு, அதுவும் ஜமைக்காவில். 1740 ஆகஸ்டில் போர்ட் ராயலில் இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் வெர்னான், மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கி ருசிக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. அப்போது கரியாவது வடிகட்டலாவது!

பழைய சீசா:
உத்தரவை முழுக்கச் சொல்லுங்கள். அரை பைன்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர். ஒன்றுக்கு நான்கு. நீங்கள் எங்கே கலந்தீர்கள்?

சும்மா_வந்தவன்:
ஹாம்ப்டன் ரம் வடிக்கும் ஊறலில் செத்த வௌவால், ஆட்டுத்தலை எல்லாம் போடுவார்களாமே, உண்மையா?

வாலை:
அந்தக் கதையைச் சொல்லாத ரம் பிரியர் கிடையாது. விஷயம் அதைவிட சுவாரஸ்யம். ஒருமுறை வடித்தபின் ஸ்டில்லில், அதாவது வடிகலத்தில், தங்கும் எச்சம் டண்டர். மக் என்பது வேறு, அது தனிக் குழியில் மாதக்கணக்கில் அழுகவிட்ட கூழ். ஹாம்ப்டனில் மொலாசஸோடு (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) டண்டர், கரும்புக் காடி, மக் எல்லாம் சேர்த்து மரத்தொட்டியில் விடுகிறார்கள். கடையில் வாங்கிய ஈஸ்ட் கிடையாது, காற்றில் இருப்பதே வேலை செய்கிறது. வாரக்கணக்கில் புளிக்கும்.

குழியில் பாக்டீரியா உண்டாக்கும் ப்யூட்ரிக் அமிலத்தைத் தனியாக முகர்ந்தால் வாந்தி நாற்றம். அதுவே ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டர் என்ற மணப்பொருள் ஆனால் அன்னாசி. 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு எத்தனை கிராம் எஸ்டர் என்பதுதான் இவர்கள் அளவு. ரம் ஃபயர் 500-ஐத் தாண்டும். அதே ஹாம்ப்டனில் டி.ஓ.கே. என்று குறி போட்ட ரம் 1500-க்கு மேல். அதை டைக்கிரியில் 60 ஊற்றுகிறேன் என்று யாராவது வந்தால் நானும் பழைய சீசா அண்ணன் பக்கம்தான்.

பழைய சீசா:
பார்த்தீர்களா! அந்த டி.ஓ.கே. வகையெல்லாம் நேராகக் குடிக்கச் செய்ததே இல்லை. கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே சாதாரண ஸ்பிரிட்டில் கொஞ்சம் கலந்து ரம்-ஃபெர்ஷ்னிட் என்று விற்றார்கள். ஆல்கஹாலில் 5 சதவீதம் நிஜ ரம்மிலிருந்து வந்தால் போதும். நான் சொன்ன பெருங்காயம் இதுதான்.

கரும்புத்தோட்டம்:
அண்ணா, அது ஏற்றுமதிக்கு. ஜமைக்காக்காரன் குடிப்பது என்ன? ரே அண்ட் நெஃப்யூ ஓவர்புரூஃப் என்ற வெள்ளை ரம், அதுவும் 63 சதவீதம். டிங் என்ற பம்ப்ளிமாஸ் சோடாவில் கலந்து தெருமுனைக் கடையிலேயே குடிக்கிறார்கள். புளிப்பும் இனிப்பும் அந்த வாசனையோடு ஒத்துப்போகும் என்பதற்கு வேறென்ன சாட்சி?

வாலை:
புளிப்பு என்றதும் ஒரு கேள்வி. கொட்டையில்லாத பெரிய பச்சை எலுமிச்சையா, நம் ஊர் மாதிரி சின்னதா? கியூபாவில் பழைய ஆட்கள் பிழிந்தது சின்னது, நம் எலுமிச்சை இனமேதான். பெரியதைவிட அதில் புளிப்பும் மணமும் அதிகம், எஸ்டருக்கு ஈடுகொடுக்கும்.

கரும்புத்தோட்டம்:
பெரியது. அடடா.

சரி, இன்று இரண்டாவது சுற்று. இலகுவான வெள்ளை ரம் 45, ரம் ஃபயர் 15, சின்ன எலுமிச்சை 22, பாகு 20. ஆல்கஹால் 27 மி.லி. சொச்சம், அண்ணன் கணக்குப்படி தலை தப்பியது. முதல் வாயில் எலுமிச்சை, விழுங்கிய பிறகு அன்னாசி எழும்பி வந்து மூக்கில் உட்காருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை குடித்தது வேறு ஜாதி. நாளை 30-க்கு 30.

பழைய சீசா:
15-ல் நிறுத்துங்கள் தம்பி. உங்கள் வம்பால் நானும் நேற்று ஒரு ஜமைக்கா பாட்டிலைத் திறந்தேன். காலி கிளாஸைக் கழுவாமல் தூங்கிவிட்டேன். காலையில் காபி போடப் போனால் சமையலறையில் அன்னாசி.