சுப்ரீம்ஸ் 1964 ஆல்பம்: மோனோவா, ஸ்டீரியோவா?

கேள்வி: பழையரீங்காரம்
மூணு பெண்கள் பாடின அமெரிக்கக் குழு சுப்ரீம்ஸ். அவங்களோட 'வேர் டிட் அவர் லவ் கோ' ஆல்பத்தை முழுசா திரும்பக் கேட்கிறேன். ஹெட்போன்ல ஸ்டீரியோ பிரிஞ்சு பிரிஞ்சு கேட்குது, ஒட்டவே மாட்டேங்குது. பாட்டுகளும் ஒரே ஆல்பத்துல இருக்கிற மாதிரி இல்ல, சிலது பழசு, சிலது புதுசு. எந்தப் பதிப்பு, எந்த வரிசை? பழைய எல்பி (இசைத்தட்டு) கிடைச்சா ஊசியை எங்கே வைத்துச் சோதிக்கணும்?

மூன்றுதடம்
மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வருகிற பதிப்பு. யோசிக்கவே வேண்டாம். அப்போ சுப்ரீம்ஸின் மோடவுன் கம்பெனி பதிவு செய்த டெட்ராய்ட் ஹிட்ஸ்வில் ஸ்டூடியோவில் இருந்தது மூன்று தட டேப் மெஷின். மூணே தடத்தை இடது, நடு, வலது என்று பரப்பினால் ஹெட்போனில் பிரிஞ்சுதான் கேட்கும். மோடவுன்காரர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது கார் ரேடியோவுக்கான மோனோ மிக்ஸுக்காக (தடங்களைக் கலந்து எடுக்கிற இறுதி ஒலி).

ஸ்டீரியோ கோப்பை ஆடாசிட்டி மென்பொருளில் மோனோவாக்கிவிட்டால் அதுவே போதும் என்று நினைக்காதீங்க. இரண்டு பக்கமும் கூடும்போது நடுவில் இருப்பது எழும்பும், ஓரத்தில் இருப்பது பின்வாங்கும். குரல் நடுவில் இருக்கும் பாட்டில் தாளம் அமுங்கிப் போகும். அசல் மோனோ மிக்ஸ் வேற சாமான். 2004-ல் வந்த 40-ஆம் ஆண்டு இரட்டை சிடியில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் இருக்கு, அதைத் தேடுங்க.

பாஸ் பூஸ்ட் இருந்தால் அணைச்சிடுங்க. பாஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. நல்ல ஹெட்போன் இருந்தாலும் பூஸ்ட் போட்டால் மோடவுனின் பாஸ் கிதார்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிக்கிற ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே 'டும்' ஆகிடும்.

பக்கம்இரண்டு
வரிசை விஷயம். 1964 ஆகஸ்ட் 31-ல் வந்த ஆல்பம்தான், ஆனா உள்ளே 1963 சரக்கும் கலந்திருக்கு. அதனாலதான் ஒட்டலை. வெளிவந்த தேதி வரிசையில் கேளுங்க: 'எ பிரெத் டேக்கிங் கை' (1963), 'வென் த லவ்லைட் ஸ்டார்ட்ஸ் ஷைனிங்' (1963), 'ரன் ரன் ரன்', அப்புறம் தலைப்புப் பாட்டு, 'பேபி லவ்', 'கம் சீ அபவுட் மீ'. லவ்லைட்டில் மோடவுனின் ஆண்கள் குழுவான ஃபோர் டாப்ஸ்காரர்களும் பின்னணியில் சேர்ந்து கத்துறாங்க, ஒரே சந்தைக்கடை. தலைப்புப் பாட்டுக்கு வந்ததும் எல்லாம் வடிஞ்சு போகும். முதலில் காதில் விழுவது மரப்பலகைமேல் மிதிக்கிற காலடி, மைக் வால்வனோ மிதித்தது. பிறகு முதன்மைப் பாடகி டயானா ராஸ். மோடவுனின் இன்னொரு பெண்கள் குழுவான மார்வலெட்ஸ் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது. பாட்டை எழுதியவர்களில் ஒருவரான லமாண்ட் டோசியர் சொன்னபடி, மார்வலெட்ஸ் பாடகிக்காக வைத்த தாழ்ந்த சுருதியிலேயே ராஸைப் பாட வைத்தார்கள். அந்த நெருங்கிப் பேசுற குரல் அப்படி வந்ததுதான். அடுத்தடுத்து மூன்று பாட்டும் அமெரிக்காவில் முதலிடம்.

'ஸ்டாண்டிங் அட் த கிராஸ்ரோட்ஸ் ஆஃப் லவ்' பாட்டைத் தாண்டிப் போகாதீங்க. 1966-ல் ஃபோர் டாப்ஸுக்காக டோசியர் கூட்டமே செய்த 'ஸ்டாண்டிங் இன் த ஷாடோஸ் ஆஃப் லவ்' இதிலிருந்து முளைத்தது. மத்தபடி 'யுவர் கிஸ் ஆஃப் ஃபயர்' இட்டு நிரப்பினதுதான், என் கணக்கில்.

ஊசிமுனை
எல்பி பற்றி. முதல் பக்கத்தின் ஐந்தாவது பாட்டு 'கம் சீ அபவுட் மீ', அதில்தான் முதலில் ஊசியை வைக்கணும். அது மெல்ல மெல்ல ஏறி வருகிற ஆரம்பம். சத்தம் குறைவா இருக்கிற அந்தச் சில நொடியில் தட்டில் உள்ள ஒவ்வொரு கீறலும் 'டிக் டிக்' என்று காட்டிக் கொடுக்கும். கடைக்காரர் முதல் பாட்டைப் போட்டுக் காட்டினால் அதோடு விடாதீங்க.

அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு: 'லாங் கான் லவ்வர்', 'ஆஸ்க் எனி கேர்ள்'. மையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றின் நீளம் குறைவு, அதே ஒலியை நெருக்கி வெட்டியிருப்பாங்க. கனமான பழைய ஊசியில் தேய்ந்திருந்தால் 'ஸ' எழுத்து வரும்போதெல்லாம் கரகரன்னு சிதறும். எவ்வளவு கழுவினாலும் போகாது.

மோனோ தட்டுக்கு 25 மைக்ரான் கூம்பு ஊசி நல்லது. சாதாரண ஸ்டீரியோ ஊசி அதைவிட மெலிசு, பள்ளத்தில் கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்க, மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் அடங்கும். ஆனா பழங்கால மோனோ கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்குகிற தலைப்பகுதி) ஸ்டீரியோ தட்டைப் போடவே கூடாது. அந்த ஊசி மேலும் கீழும் வளைந்து கொடுக்காது, பள்ளத்தைச் சுரண்டிடும்.

பழையரீங்காரம்
தேதி வரிசை பிரமாதம், நன்றி. குழுவில் மத்த ரெண்டு பேர், ஃப்ளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன் குரல் தனியா எங்கேயாவது பிடிபடுமா?

பக்கம்இரண்டு
'எ பிரெத் டேக்கிங் கை'. ஸ்மோக்கி ராபின்சன் எழுதின பாட்டு. சரணத்தில் தேடாதீங்க, பல்லவியில் நீளமா ஒரு வரி வரும். அதைத் துண்டு துண்டா உடைச்சு மூணு பேரும் மாறி மாறிப் பாடுவாங்க. மூணாவது தடவை கேட்கும்போது யார் யார்னு பிடிபட்டுடும்.