மறுமொழி: எல்லாத் துறை வகுப்பிலும் செல்லும் சொல்லாக ‘வளங்குன்றாமை’

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கில ‘sustainability’க்கு, அதாவது நாளைக்கான வளம் குறையாமல் இன்று வாழ்வதற்கு, எல்லாத் துறை வகுப்புகளிலும் ‘வளங்குன்றாமை’ என்று ஆளலாம் என்று சொன்னேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ‘நிலைத்தன்மை’ என்று பழகிவிட்டதே, இன்னொரு சொல் எதற்கு?

செய்தித்தாள் படிப்பவருக்குப் பழகிவிட்டது, சரி. கல்லூரிக்குள் அந்தச் சொல்லை ஒவ்வொரு துறையும் வேறு பொருளில் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டடவியல் மாணவருக்கு நிலைத்தன்மை என்றால் சுவர் சாயாமல் நிற்பது. வணிகவியலில் ‘நிலையான செலவு’ என்றால் உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு. அங்கே போய் ‘நிலையான உற்பத்தி’ என்று சொன்னால், மாதாமாதம் ஒரே எண்ணிக்கையில் பனியன் தைப்பது என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

இதற்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘நீடித்த’ இன்னும் சிக்கல். வேதியியலில் நீடித்து நிற்பவை டி.டி.டி. பூச்சிக்கொல்லி போன்ற நச்சு மாசுகள். மண்ணில் எளிதில் சிதையாமல் கிடப்பதால்தான் அவற்றால் இவ்வளவு கேடு. ஒரே வகுப்பில் நஞ்சுக்கும் நல்லதுக்கும் ஒரே அடைமொழி வைக்க முடியாது.

‘பேண்தகு’ அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் போற்றத்தகு, குறிப்பிடத்தகு என்பவற்றைப் போல அது ‘பேணும் தகுதியுள்ள’ என்று பொருள் தருகிறது. ‘பேண்தகு சாயப்பட்டறை’ என்றால் நாம் பேணவேண்டிய பட்டறை என்று ஆகிவிடும். சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் அது கெடுக்காது என்ற கருத்து அதில் வரவில்லை.

ஏற்கெனவே சிலர் எழுதிவரும் ‘வளங்குன்றா வளர்ச்சி’யிலிருந்து முதற்பகுதியை மட்டும் பிரித்து, ‘வளங்குன்றாமை’ என்று தனிப்பெயராக ஆளலாம் என்பது என் முன்மொழிவு. வான்சிறப்பில் மழை குறைவதை வள்ளுவர் ‘வாரி வளங்குன்றிக் கால்’ என்கிறார். மழை வளம் குன்றினால் ஏர் நிற்கும் என்ற அதே கவலைதான் நமக்கும். ஜெர்மன் மொழியில் இந்தக் கருத்து உருவானதும் அப்படியே. சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு ஒழிந்துகொண்டிருந்தபோது, சுரங்க நிர்வாகியான கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்பு பற்றிய நூலில் இதை எழுதினார்.

எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை எல்லாம் குறளின் அதிகாரத் தலைப்புகள். பெரிய அறங்களை ‘-ஆமை’யில் சொல்வது நம் மொழிக்கு இயல்பு.

‘வளம்’ என்றதும் நிலமும் நீரும் மட்டும்தான் என்று எண்ண வேண்டியதில்லை. மொழிவளம், மனிதவளம் என்று பேசுகிறோம். ஆகவே தமிழ்த் துறையிலும் மேலாண்மைத் துறையிலும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் இதே சொல்லால் ‘debt sustainability’ எனப்படும் கடனைத் தாங்கும் நிலை பற்றிப் பொருளியல் ஆசிரியர் ஒருவர் கேட்டார். அங்கே இது பொருந்தாது, ‘தாங்குகடன்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இந்தக் கருத்தை எல்லாப் பாடங்களுக்குள்ளும் கொண்டுபோவதற்கு ஒரு சொல். 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் எல்லாருக்கும் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். ஆனால் அது தனித் தாளாகவே நின்றுவிட்டது. தேர்வு முடிந்ததும் மாணவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தம் துறைக்குத் திரும்பிவிடுகிறார்.

நான் இருப்பது கொங்குப் பக்கம். வெள்ளியங்கிரியில் புறப்பட்டுத் திருப்பூரைக் கடந்து காவிரியில் சேரும் நொய்யல் ஒன்று போதும், ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்த. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு ஏன் இவ்வளவு தேவை, அது ஏன் துணியில் தங்காமல் நீரோடு போகிறது என்பது வேதியியல். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக ஆனது எப்படி என்பது வரலாறு. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அரசியல் அறிவியல். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் ஆர்.ஓ. வடிகட்டியிலும் ஆவியாக்கியிலும் செலுத்தி, நீரையும் உப்பையும் மீட்க ஆகும் செலவை யார் தலையில் ஏற்றுவது, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் விலையைக் கூட்டுவாரா என்பது வணிகவியல். இதில் எதுவும் கூடுதல் பாடம் இல்லை. அந்தந்தத் துறைக்காரர் எப்படியும் நடத்த வேண்டியதுதான்.

இப்படி எல்லாப் பாடங்களுக்குள்ளும் கொண்டுபோவதைச் சொல்ல ‘பல்துறை’ போதாது. பல துறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைத்தான் அது சொல்கிறது. சென்னிமலைத் தறியைப் பாருங்கள். பாவு நூல்கள் தனித்தனியாக நீள ஓடுகின்றன, நாடா போய்வரும்போது ஊடை நூல் அத்தனைக்கும் ஊடே புகுந்து துணியாக்குகிறது. துறைகள் பாவு, வளங்குன்றாமை ஊடை. அதனால் ‘ஊடிழைத்தல்’ என்று சொல்லலாமா? ‘பாடங்களில் வளங்குன்றாமையை ஊடிழைத்தல்’ என்று தலைப்பிட்டுச் சக ஆசிரியர்களிடம் காட்டினேன். விளக்கம் கேட்காமலே நெசவாளர் வீட்டுப் பிள்ளையான ஒருவர் புரிந்துகொண்டார்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே ‘நிலைபேறான அபிவிருத்தி’ அரசு ஆவணங்களிலேயே ஊன்றிவிட்டது. ‘நிலைபேறு’ உங்கள் அறிவியல் பாடங்களில் வேறு எதற்காவது வழங்குகிறதா? மோதல் இல்லையென்றால் அதையும் வளங்குன்றாமையையும் இணைச்சொற்களாகக் கலைச்சொல் பட்டியலில் போடலாம்.

அடுத்த வாரம் கணித வகுப்பில், ஓர் ஏரியில் ஆண்டுக்கு எவ்வளவு மீன் பிடித்தால் இருப்பு குறையாது என்ற கணக்கை வகைக்கெழுச் சமன்பாட்டோடு நடத்தப்போகிறோம். பலகையில் ‘வளங்குன்றா அறுவடை’ என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்