நூரம்பெர்க் முதல் வியன்னா வரை: டிசம்பர் கார் பயணத்தில் சந்தித்த ஆட்கள்

கோட்டை, தேவாலயம் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் வழியில் பார்த்த ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். நூரம்பெர்க்கில் வாடகைக் காரை எடுத்து, ரேகன்ஸ்பர்க்கில் டான்யூப் மேல் நிற்கும் 12ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, பிராக் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. இருட்டு என்றால் மாலை ஐந்து மணிதான். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும்.

மறுநாள் ஓர்லோய் பார்க்கப் போனோம். 1410இல் நிறுவிய வானியல் கடிகாரம். மணிக்கொரு முறை எலும்புக்கூடு மணியடிக்கும், கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், அதைவிட அங்கிருந்து சற்றுத் தள்ளி நடைபாதையில் நடந்ததுதான் வேடிக்கை. பெரிய பெரிய தொட்டிகளில் உயிரோடு கெண்டை மீன்கள்! செக் நாட்டில் 24ஆம் தேதி இரவு பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலடும்தான் சாப்பாடு. ரப்பர் ஏப்ரன் கட்டிய கடைக்காரர் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறார், வெட்டித் தரவா, உயிரோடு வேண்டுமா? எங்களுக்கு முன்னால் நின்ற தாத்தா உயிரோடு வாங்கினார், வீட்டில் குளியல் தொட்டியில் விடப்போகிறாராம். "பேத்தி அதற்குப் பேர் வைத்துவிடுவாள், அப்புறம் எங்கே வெட்டுவது, போன வருஷம் வெறும் உருளைக்கிழங்குதான்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். கடைக்காரர் என் மனைவிக்கு ஒரு செதிலைக் கொடுத்து பர்ஸில் வைக்கச் சொன்னார், வருஷம் பூராவும் காசு தங்குமாம். இத்தனைக்கும் நாங்கள் எதுவும் வாங்கவில்லை.

பிராகிலிருந்து பிர்னோ போகும் டி1 சாலையில்தான் வம்பு. முன்னால் போகும் லாரிகள் உப்பு கலந்த சேற்றை வாரி இறைக்கின்றன, கண்ணாடியைக் கழுவலாம் என்றால் சொட்டு வரவில்லை. கார் கொடுத்தவர்கள் உறையாத திரவத்துக்குப் பதிலாகச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள், அது உள்ளேயே கட்டியாகிவிட்டது. பாதிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபடியே ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினோம். அங்கே இருந்த போலந்து லாரி டிரைவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டு, உறைந்தது இளகிய பிறகு தன் கேனிலிருந்து நீலத் திரவத்தை ஊற்றினார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. மாறாக எங்கள் முன்கண்ணாடியைச் சுட்டிக்காட்டித் திட்டாத குறைதான்: ஆஸ்திரியாவுக்கு விக்னெட் எங்கே? நெடுஞ்சாலை வரிக்கான அந்த ஸ்டிக்கரை எல்லை தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம், அவர் எங்களைக் கடைக்குள் கூட்டிப்போய் வாங்க வைத்து, ஒட்டுகிற வரை நின்றார்.

போகிறவர்களுக்கு ஒன்று. 25, 26 இரண்டு நாளும் வியன்னாவில் சூப்பர் மார்க்கெட் எல்லாம் பெரும்பாலும் மூடியிருக்கும், 24 மதியத்துக்குள் பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். சரி, டிரெஸ்டன் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன், அடுத்த முறை அந்த வழியாகப் போகலாமா என்று யோசனை.