டிஎஸ்-520எஸ் ஹாம் ரேடியோ: பிடிடி (பேசும்போது அமுக்கற பட்டன்) அமுக்கினா பிளேட் கரண்ட் தானா ஏறுது, பைனல் வால்வு சிவக்குது, உதவி பண்ணுங்க

நெல்லை_டைபோல்:
வணக்கம் ஓஎம்ஸ் (ஹாம் நண்பர்களே). ஒரு சீனியர் ஓஎம் வீட்டு பரண்ல ரொம்ப வருஷமா கிடந்த கென்வுட் டிஎஸ்-520எஸ் இப்ப என் மேஜைக்கு வந்திருக்கு. நேரா பிளக்குல சொருகாம சீரிஸ் போர்டுல 100 வாட் குண்டு பல்பு போட்டு மெதுவாதான் உயிர் கொடுத்தேன், புகை கிகை எதுவும் வரல. ரிசீவ் பிரமாதம், 40 மீட்டர்ல காலைல நெட்ல (ஹாம்ஸ் ஒண்ணா கூடி பேசற நேரத்துல) வர்ற எல்லாரும் கேக்குறாங்க, சத்தத்துல ஒரு இதம் இருக்கு பாருங்க, என்கிட்ட இருக்கிற புது குட்டி ரிக்ல (ரேடியோ செட்ல) அது வராது.

பிரச்சனை டிரான்ஸ்மிட்லதான். நேரா மெயின்ஸ்ல போட்டு, ஹீட்டர் ஸ்விட்சை போட்டு வால்வு நல்லா சூடாகிற வரைக்கும் விட்டு, மைக் கெயினை பூஜ்யத்துல வச்சு, மீட்டரை ஐபி-க்கு (பிளேட் கரண்ட்) திருப்பி பிடிடி அமுக்கினா முதல்ல முள்ளு 60 எம்ஏ கிட்ட நிக்குது, அப்புறம் யாரோ பின்னாடி இருந்து தள்ற மாதிரி 80, 100னு மெதுவா ஏறுது, கைய எடுக்கலன்னா 150 தாண்டிடுது. பயாஸ் பாட்டை (கிரிட்டோட மைனஸ் வோல்டேஜை மாத்தற திருகு) திருப்பினா கொஞ்ச நேரம் இறங்குது, திரும்ப ஏறுது. ரூம் லைட்டை அணைச்சுட்டு பாத்தா ரெண்டு பைனல்ல (கடைசி பவர் வால்வுங்க) ஒண்ணோட பிளேட் மங்கலா சிவக்குது. ஆன்டெனா இல்ல, டம்மி லோடுதான் (ஆன்டெனாவுக்கு பதிலா போடற ரெசிஸ்டர்) மாட்டியிருக்கேன். ஒரு கடைல கேட்டேன், வால்வு ரெண்டும் காலி, ஜோடியா மாத்தணும்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன விலைல நான் ஒரு பிட்எக்ஸ் (வீட்லயே கட்டற ரேடியோ) கிட்டே கட்டிருவேன் போல. வாங்கறதா வேண்டாமா?

கொங்கு_ரிக்:
வால்வு கேஸ் ஆயிருக்கும் (உள்ள வெற்றிடம் கெட்டிருக்கும்) ஓஎம், 50 வருஷ சரக்கு இல்லையா. இதோட ஒரிஜினல் வால்வு எஸ்2001ஏ இப்ப கிடைக்காது, 6146பி போடுங்க. 6146டபிள்யூன்னு யாராவது கொடுத்தா எந்த வருஷத்து தயாரிப்புன்னு பாத்து வாங்குங்க, பழசு 6146ஏ மாதிரி, புதுசு பி மாதிரி, பேரு மட்டும் ஒண்ணு.

வால்வு_வாத்தியார்:
தம்பி, காசை எடுத்து வெளிய வைக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. முதல்ல பிடிடி அமுக்கிப் பாக்குறதை நிறுத்துங்க. கணக்கு போட்டுப் பாருங்க. பிளேட்ல சுமார் 800 வோல்ட், ஐடில் (பேசாம சும்மா நிக்கும்போது) 60 எம்ஏ, ரெண்டையும் பெருக்கினா 48 வாட், ரெண்டு வால்வுக்கும் சேத்து. ஆளுக்கு 24. 6146பி 35 வாட் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான், அதனால 60ல எத்தனை நேரம் வேணா நிக்கும். 150 எம்ஏ ஆச்சுன்னா 120 வாட், ஆளுக்கு 60, அப்ப சிவக்காம என்ன பண்ணும்? அந்த நிலைமைல விட்டா நல்ல வால்வும் செத்துரும்.

இன்னொண்ணு, ஒரு வால்வு மட்டும் சிவக்குதுன்னா அதுதான் கெட்டதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டு கிரிட்டுக்கும் (வால்வு உள்ள கரண்டை கட்டுப்படுத்தற வலை) ஒரே பயாஸ்தான் போகுது. எமிஷன் (எலக்ட்ரான் விடற சக்தி) செத்த வால்வு கரண்டை இழுக்காது, சும்மா இருக்கும், தெம்பா இருக்கிறது மொத்தத்தையும் தன் தலைல போட்டுக்கிட்டு சிவக்கும். சிவக்காததுதான் உங்க சோம்பேறியா இருக்கலாம்.

இப்படி தானா ஏறுறதுக்கு பெரும்பாலும் மூணு காரணம்தான் நான் பாத்திருக்கேன். வால்வு உள்ள கேஸ் ஆகியிருக்கலாம், பயாஸ் சப்ளைல கண்டென்சரோ பாட்டோ போயிருக்கலாம், இல்லன்னா பைனலை ஓட்டற டிரைவர் வால்வு 12பிஒய்7ஏ பிளேட்ல இருந்து பைனல் கிரிட்டுக்கு வர்ற கப்ளிங் கண்டென்சர் லீக் ஆகலாம். அந்த கண்டென்சரோட ஒரு பக்கம் கிட்டத்தட்ட 300 வோல்ட் பாசிட்டிவ், இன்னொரு பக்கம் மைனஸ் 50 பக்கத்துல இருக்கிற கிரிட். நடுவுல துளி கசிஞ்சா போதும், பயாஸ் மேல ஏறி வந்துடும், கரண்ட் எகிறும். சூடாக ஆக கசிவும் கூடும், அதான் முதல்ல நல்லா நின்னுட்டு அப்புறம் ஏறுது. அந்தக் காலத்து ஹைபிரிட் (வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த) ரிக் பலதுல இதே கதைதான், அது கம்பெனி குத்தம் இல்ல, வயசு. வால்வு ஜோடி விலை எங்க, இந்த கண்டென்சர் விலை எங்க.

எதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. ரெண்டு பைனலையும் கழட்டிட்டு சாக்கெட்டோட 5ஆம் பின்ல, அதான் கன்ட்ரோல் கிரிட், வோல்டேஜ் பாருங்க. பின்னாடி எஸ்ஜி (ஸ்க்ரீன் கிரிட்) ஸ்விட்ச் இருக்கும், அதை ஆஃப்ல வைங்க. வால்வு இல்லாமலே அந்த மைனஸ் வோல்டேஜ் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தா வால்வு மேல தப்பு இல்ல. ஆடாம அசையாம நின்னா, வால்வு போட்டா மட்டும் நகர்ந்தா, கொங்கு சொன்னது சரி, வாங்கிக்கலாம்.

ஆவடி_சிக்னல்:
வாத்தியார் சொன்னதை செய்யறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க தம்பி. வால்வை கழட்டினதும் மேல இருந்து வர்ற ரெண்டு பிளேட் கிளிப்பும் சும்மா தொங்கும், ரிக் ஆன்ல இருந்தா அதுல அந்த 800 வோல்ட் அப்படியே இருக்கும். தடிமனான ஸ்லீவ் போட்டு, ஷாசியை தொடாத மாதிரி நூலால கட்டி ஒதுக்கி வைங்க. பிளக்கை பிடுங்கினதுக்கு அப்புறமும் பில்டர் கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும், 10கே 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு நல்ல இன்சுலேஷன் போட்ட கைப்பிடி வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பூஜ்யம்னு கண்ணால பாத்துட்டுதான் கை வைக்கணும். ஸ்க்ரூ டிரைவர வச்சு டப்புனு ஷார்ட் பண்றவங்களை பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம். மீட்டர் பின்னை ரிக் ஆஃப்ல இருக்கும்போதே முதலை கிளிப்ல மாட்டிடுங்க, அப்புறம் ஆன் பண்ணி தள்ளி நின்னு பாருங்க. வீட்ல இன்னொருத்தர் இருக்கும்போது செய்ங்க.

அப்புறம் டிரான்ஸ்பார்மர் எத்தனை வோல்ட்டுக்கு கட்டியிருக்குன்னு பாத்தீங்களா? ஜப்பான்ல உள்ளூர்ல ஓடின செட்டா இருந்தா 100 வோல்ட். உங்களுது நேரா 230ல ஓடுதுன்னா அது இல்ல, ஆனா நம்ம ஊர்ல ராத்திரி 245 வரைக்கும் போகுது, 220 டேப்ல (டிரான்ஸ்பார்மரோட 220 வோல்ட் இணைப்புல) இருந்தா ஹீட்டரும் அதுக்கேத்த மாதிரி அதிகமா வாங்கும்.

நெல்லை_டைபோல்:
ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். டேப் 220ல இருக்கு, வீட்ல சாயங்காலம் 238 காட்டுது. மேல சொன்ன எல்லா பாதுகாப்பும் பண்ணிட்டுதான் தொட்டேன், தம்பியை பக்கத்துல நிக்க வச்சு மெயின் ஸ்விட்ச் அவன் கைல.

வால்வு ரெண்டையும் கழட்டி 5ஆம் பின் பாத்தேன். பிடிடி அமுக்கினதும் மைனஸ் 52, அப்படியே பாத்துக்கிட்டு இருக்கும்போதே 48, 41னு வந்து மைனஸ் 25 பக்கத்துல போய் நின்னுச்சு. வால்வே இல்ல! அப்ப தப்பு வால்வு மேல இல்லதானே சார்?

கொங்கு_ரிக்:
சரி, நான் என் 6146பி விளம்பரத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் 😄

வால்வு_வாத்தியார்:
தப்பு வால்வு மேல இல்ல. இப்ப கப்ளிங் கண்டென்சரா பயாஸ் சப்ளையான்னு பிரிக்கணும். ஆஃப் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, கண்டென்சரோட கிரிட் பக்கத்து காலை மட்டும் சால்டர் எடுத்து தூக்கி விடுங்க, திரும்ப அதே மாதிரி அளங்க. மைனஸ் 52ல பாறை மாதிரி நின்னா கண்டென்சர்தான். அப்பவும் நகர்ந்தா பயாஸ் லைன்ல இருக்கிற எலக்ட்ரோலிடிக்கை பாருங்க, பயாஸ் பாட்டோட கார்பன் டிராக்கையும் சந்தேகப்படுங்க. அந்த பாட் நடுவுல ஒரு இடத்துல கான்டாக்ட் விட்டா மைனஸே போயிடும், அதனால எப்படியும் அதை கிளீன் பண்ணிடுங்க.

நெல்லை_டைபோல்:
பாறைதான் சார். கால் தூக்கினதும் மைனஸ் 53, பத்து நிமிஷம் விட்டும் அசையல.

ஆனா ஒரு குழப்பம். எடுத்த கண்டென்சரை எல்சிஆர் மீட்டர்ல போட்டா மதிப்பு கரெக்டா காட்டுது, மல்டிமீட்டர் ஓம்ஸ்ல வச்சா ஓப்பன். நல்ல கண்டென்சர் மாதிரியே இருக்கே?

வால்வு_வாத்தியார்:
அதுலதான் பல பேர் ஏமாறுறாங்க. உங்க மீட்டர் ஒண்ணு ரெண்டு வோல்ட்ல அளக்குது. இந்த கசிவு 300 வோல்ட் ஏறினாதான் வெளிய தெரியும். நிச்சயமா பாக்கணும்னா ஒரு காலை அந்த 300 வோல்ட் லைன்ல கொடுத்து இன்னொரு காலை மல்டிமீட்டர் வழியா ஷாசிக்கு விடுங்க, மீட்டர் டிசி வோல்ட்ல இருக்கணும். டிஜிட்டல் மீட்டர் உள்ள 10 மெகாஓம் இருக்கும், நல்ல கண்டென்சர்னா முதல்ல துள்ளிட்டு பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்து நின்னுடும். பத்து வோல்ட்டு இருபது வோல்ட்டுன்னு நின்னா குப்பைல போடுங்க. ஆனா ஏற்கனவே கால் தூக்கிப் பாத்தாச்சு, இது ஆசைக்கு மட்டும்.

புதுசு போடும்போது அதே மதிப்புல 1 கிலோவோல்ட் சில்வர் மைக்கா போடுங்க. பாலியஸ்டர் மாதிரி ஏதாவது கிடைச்சதை வைக்காதீங்க, இது ஆர்எப் (ரேடியோ அலை) போற இடம்.

மதுரை_க்யூஆர்பி:
குறுக்க பேசுறேன் மன்னிக்கணும். இந்த மாதிரி 1 கிலோவோல்ட் மைக்கா நம்ம பக்கம் எங்க கிடைக்குது? டவுன்ஹால் ரோட்ல கேட்டா டிஸ்க் செராமிக்கை எடுத்து நீட்டறாங்க.

ஆவடி_சிக்னல்:
சென்னை வந்தா ரிச்சி தெருல உள்ள சந்துகள்ல பழைய சரக்கு வச்சிருக்கிற கடைங்க ஒண்ணு ரெண்டு இருக்கு, ஆனா பழைய சரக்கை வாங்கிப் போட்டா திரும்ப இதே கதைதான். ஆன்லைன்ல புது மைக்கா வாங்குறது மேல். அது கிடைக்கலன்னா என்பிஓ வகை (சூட்டுல மதிப்பு மாறாத) செராமிக், 1 கிலோவோல்ட், ஓடும். வாத்தியார் திட்டுவார், ஆனா ஓடும்.

வால்வு_வாத்தியார்:
என்பிஓன்னா திட்ட மாட்டேன். சாதா பழுப்பு டிஸ்க்கை போட்டீங்கன்னா திட்டுவேன்.

நெல்லை_டைபோல்:
அப்டேட். மைக்கா வந்துச்சு, போட்டாச்சு, பயாஸ் பாட்டும் கிளீன் பண்ணியாச்சு, பழைய வால்வையே திரும்ப சொருகினேன். ஐடில் 60ல வச்சேன், அஞ்சு நிமிஷம் கழிச்சும் 60. முள்ளு அசையவே இல்ல, நான்தான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். 40 மீட்டர்ல டம்மி லோடுல 75 வாட் பக்கம் வருது. இது கம்மியா? 100 வரணும்னு படிச்சேன். நியூட்ரலைசேஷன் (வால்வு தானா ஊளையிடாம இருக்க வைக்கிற செட்டிங்) தொடணுமா?

கொங்கு_ரிக்:
பழைய வால்வுக்கு 75 நல்ல மார்க். எதிர்ல கேக்குறவருக்கு 75க்கும் 100க்கும் நடுவுல அரை எஸ் யூனிட் (சிக்னல் பலத்தோட அளவு) கூட வித்தியாசம் தெரியாது.

வால்வு_வாத்தியார்:
வால்வு மாத்தாம நியூட்ரலைசேஷன்ல கை வைக்காதீங்க. ஆனா சரியா இருக்கான்னு சுலபமா பாக்கலாம். கேரியர் கொடுத்து பிளேட் நாபை திருப்பும்போது ஐபி குறைஞ்சு டிப் ஆகிற இடமும், ஆர்எப் மீட்டர் உச்சிக்கு போற இடமும் ஒண்ணா இருக்கணும். டிப் ஒரு இடத்துலயும் பீக் தள்ளியும் வந்தாதான் வேலை இருக்கு. டியூன் பண்ணும்போது கீயை அமுக்கிக்கிட்டே யோசிக்காதீங்க, பத்து செகண்ட்ல முடிச்சு கைய எடுங்க, ஆற விட்டு திரும்ப பண்ணுங்க. பின்னாடி ஃபேன் சுத்துதான்னும் பாத்துக்குங்க.

நெல்லை_டைபோல்:
டிப்பும் பீக்கும் ஒண்ணாதான் வருது சார். ஃபேன் கொஞ்சம் முனகுது, எண்ணெய் விட்டேன்.

இன்னைக்கு காலைல 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல இன்வர்டட் வீ ஆன்டெனால முதல் க்யூஎஸ்ஓ (பேச்சு), பெங்களூர்ல இருந்து ஒருத்தர் 59 (சிக்னல் நல்லா வருது) கொடுத்தார். ஆனா சிக்னல் பெருசா இருக்கு, ஆடியோ தூரத்துல இருந்து வர்ற மாதிரி இருக்குன்னார். மைக் கெயினை முழுசா வச்சாலும் ஏஎல்சி (டிரான்ஸ்மிட் அளவை தானா கட்டுப்படுத்தறது) முள்ளு லேசாதான் அசையுது. மைக் என் புது ரிக்கோடது, பிளக் மட்டும் நாலு பின்னுக்கு மாத்தி வயர் அடிச்சேன்.

ஆவடி_சிக்னல்:
அதான் விஷயம். 520எஸ் மைக் இன்புட் 50 கிலோஓம், ஹை இம்பீடன்ஸ். இப்ப வர்ற மைக்கெல்லாம் 600 ஓம் சுத்துவட்டாரம், கொடுக்கிற வோல்டேஜே கம்மி. நடுவுல ஒரு சின்ன மேட்சிங் டிரான்ஸ்பார்மர் போடுங்க, இல்லன்னா ஒத்தை டிரான்சிஸ்டர்ல ப்ரீ-ஆம்ப் கட்டி மைக் உள்ளயே ஒளிச்சு வச்சிடுங்க. ப்ரீ-ஆம்ப் போட்டா கெயினை குறைச்சே வைங்க, பக்கத்துல 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி பேசுறவங்க சாபம் சும்மா விடாது.

நெல்லை_டைபோல்:
பழைய டேப் ரெக்கார்டர்ல இருந்து எடுத்த ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருந்துச்சு, போட்டுப் பாத்தேன், இப்ப ஏஎல்சி நல்லா ஆடுது. சாயங்காலம் அதே பெங்களூர் ஓஎம் ஆடியோ முன்னாடி வந்திருக்குன்னு சொன்னார்.

இன்னும் ஒண்ணு மட்டும். பேண்ட் ஸ்விட்சை 10 மீட்டருக்கு திருப்பினா ரிசீவே கம்மியா இருக்கு, ஸ்விட்சை லேசா ஆட்டினா வருது போகுது.

மதுரை_க்யூஆர்பி:
வேஃபர் (ஸ்விட்ச் உள்ள இருக்கிற தட்டு) கான்டாக்ட்ல கறுப்பு படிஞ்சிருக்கும். கான்டாக்ட் கிளீனரை ஸ்பிரேயா அடிக்காதீங்க, இயர் பட்ல துளி எடுத்து கான்டாக்ட்ல மட்டும் வச்சு பத்து பதினஞ்சு தடவை திருப்புங்க. வேஃபர் ஊறிப்போனா அதுவே லீக் ஆக ஆரம்பிச்சிடும். அதுக்கும் சரியாகலன்னா தனி இழையா போடுங்க ஓஎம், என்கிட்டயும் ஒரு 520 அதே நோயோட இருக்கு, சேந்து பாக்கலாம். 73 (வாழ்த்துக்கள்).